சொதப்பியவர்களின் வம்சாவளி

போட்டோகிராபியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் புதுமாப்பிள்ளை. பெயர் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். இங்கிலாந்துக்காரர், வசதியானவர், கணக்கில் புலி. 1832 டிசம்பரில் கான்ஸ்டன்ஸ் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். அடுத்த அக்டோபரில் குடும்பத்தோடு இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் இருந்தார். ஏரியைக் கண்டால் உட்கார்ந்து வரைய வேண்டும் என்பது அந்தக் காலத்துத் துரைமார் சாங்கியம். கான்ஸ்டன்ஸ் வரைந்தார், ஏரி ஏரி மாதிரியே வந்தது. கூட வந்த பெண்கள் வரைந்ததும் குறை சொல்லும்படி இல்லை. டால்பட் மட்டும் முப்பட்டைக் கண்ணாடி பொருத்திய ஒரு கருவியை மேசையில் நிறுத்தி, அதில் தெரிந்த உருவத்தின் மேல் பென்சிலை ஓட்டினார். கருவியை எடுத்துவிட்டுப் பார்த்தால் காகிதத்தில் ஏரியும் இல்லை, மலையும் இல்லை. புதுப் பெண்டாட்டி முன்னால் மானம் போயிற்று. படம் தன்னைத் தானே வரைந்துகொண்டால் என்ன என்ற யோசனை அவருக்கு அங்கேதான் வந்தது.

ஆகவே தம்பி, உன் தொழிலுக்குக் குலதெய்வமே ஓர் அமெச்சூர்தான். தொழில் என்று சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். உனக்கு இது தொழில் இல்லை. உன் கூட்டாளிக்கு ஜொகூரின் உலு திராமில் கல்யாணம், மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் காசு போய்விட்டது, போட்டோகிராபருக்கு ஒதுக்கியது மேளக்காரரிடம் போய்விட்டது. "உன்கிட்டதான் நல்ல கேமரா இருக்குல்ல, நீயே எடுத்திடுடா" என்று தோளில் கை போட்டுச் சொல்லிவிட்டான். நீயும் தலையாட்டிவிட்டு, இப்போது ராத்திரியெல்லாம் யூடியூப்பில் லென்ஸ் பாடம் பார்த்துக்கொண்டிருக்கிறாய். கொஞ்சம் நிறுத்து. உனக்கு முன்னால் கல்யாணத்தைப் படம் பிடிக்கப் போனவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று தெரிந்துகொண்டால், லென்ஸைப் பற்றிய கவலை தன்னால் குறையும். வேறொரு கவலை வரும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்ம பக்கத்துக்கு இந்த வித்தை சீக்கிரமே வந்தது. பாரிசில் டாகேர் தன் தகட்டுப் பட முறையை வெளியிட்டது 1839-இல். 1843 டிசம்பரில் சிங்கப்பூரில் லண்டன் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த காஸ்டன் துத்ரோன்குவா பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிட்டார்: இரண்டே நிமிடத்தில் உங்கள் முகம் தகட்டில். ஒருவருக்கு 10 டாலர். ஆணும் பெண்ணும் ஒரே படத்தில் உட்கார்ந்தால் இருவருக்கும் சேர்த்து 15 டாலர். இன்றைக்குக் கல்யாணக் கடைக்காரர்கள் 'கப்பிள் பேக்கேஜ்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதற்குத் தாத்தா இவர்தான். ஹோட்டல், ஓவியம், போட்டோ எல்லாம் பார்த்த மனுசன், அதே ஹோட்டலில் நாடகக் கொட்டகையும் போட்டார். ஒன்றிலும் மனம் நிற்கவில்லை போலும். கடைசியில் ஜொகூரின் மூவார் ஆற்றுப் பக்கம் தங்கம் தேடிப் போனவர் திரும்பவே இல்லை, அங்கே யாரோ தீர்த்துவிட்டார்கள் என்று பேச்சு. இந்த வட்டாரத்தில் கடை விரித்த முதல் போட்டோக்காரர் ஜொகூர் காட்டுக்குள் காணாமல் போனார் என்பதை ஒரு சகுனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தெரிந்து வைத்துக்கொள்.

அதே காலத்தில் மலாக்காவின் முன்ஷி அப்துல்லாவும் இந்தத் தகட்டுப் படத்தைப் பார்த்து வாய் பிளந்தார். அவருடைய முப்பாட்டனார் ஏமனிலிருந்து நாகூர் வந்து அங்கே பெண் கட்டியவர், அப்துல்லாவுக்குத் தமிழும் தெரியும். அந்த உரிமையில் அவரை நம்ம ஆள் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. அவர் தன் வாழ்க்கைக் கதையில் வியந்து எழுதியது சிங்கப்பூர் ஊரின் படத்தைப் பற்றி. மனுசன் படம் இல்லை. ஊர் நகராது, கண்ணைச் சிமிட்டாது, 'பக்கவாட்டில் எடுக்காதே, மூக்கு பெரிசா தெரியும்' என்று சொல்லாது.

நகராத பொருளைப் படம் பிடித்து நல்ல பேர் வாங்கியவர்கள் நம் தமிழ்நாட்டிலும் உண்டு. சென்னை ராணுவத்துக் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாய்ப் பிடித்து ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக்கினார். வானம் வெறுமையாக விழுந்தால் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் தீட்டிவிடுவார். ஆக, 'எடிட்டிங்ல பாத்துக்கலாம்' என்கிற வார்த்தைக்கு வயது 160-க்கு மேல். ஆனால் கவனி: ட்ரைப் கோயிலைத்தான் எடுத்தார். கோயிலில் நடந்த கல்யாணத்தை எடுக்கவில்லை. புத்திசாலி.

ஏன் எடுக்கவில்லை என்றால், ஆள் அசைந்தால் படம் போச்சு. ஸ்டூடியோக்களில் தலைக்குப் பின்னால் இரும்புக் கவ்வை வைத்து, பிடரியைப் பிடித்து நிறுத்தினார்கள். பழைய படங்களில் மாப்பிள்ளை முறைத்துக்கொண்டிருப்பது கண்டிப்பினால் என்று நினைக்காதே, கழுத்தில் இரும்பு. நம் கல்யாணத்தில் இதை எண்ணிப் பார். ஐயர் ஸ்வாஹா சொல்கிறார், புகை கண்ணில் ஏறுகிறது, மாமா அட்சதையை முன்கூட்டியே வீசுகிறார், ஒரு குழந்தை மணவறைக்குள் புகுந்து தேங்காயைத் தூக்குகிறது. இரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

அதனால் முதல் தலைமுறைக் கல்யாணப் படங்கள் கல்யாணத்தில் எடுத்தவை அல்ல. கல்யாணம் முடிந்து, எல்லோரும் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, வேறொரு நாள் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்தவை. இதில் உலக சாதனை விக்டோரியா ராணிக்கு. அவருக்குக் கல்யாணமானது 1840-இல், படம் எதுவும் இல்லை. 1854-இல் ராணியும் ஆல்பர்ட்டும் ஜோடித்துக்கொண்டு ரோஜர் ஃபென்டனின் கேமரா முன் நின்றார்கள். தலையில் பூ, முகத்திரை எல்லாம் உண்டு. இன்றைக்கும் பலர் அதைக் கல்யாணப் படம் என்றே பகிர்கிறார்கள். எடுக்கும்போது ராணிக்கு எட்டுப் பிள்ளைகள். 'ஆல்பம் எப்ப வரும்' என்று உன்னை யாராவது நச்சரித்தால் இந்தக் கதையைச் சொல்.

அதே ராணி மகன் கல்யாணத்தில் இன்னொரு கூத்து செய்தார். 1863 மார்ச் 10, வேல்ஸ் இளவரசருக்கும் டென்மார்க் அலெக்சாண்ட்ராவுக்கும் கல்யாணம். ஆல்பர்ட் தவறி ஒன்றரை வருடம் கூட ஆகவில்லை. போட்டோக்காரர் மேயால் புதுத் தம்பதியை நிறுத்தினார். ராணி கறுப்பு உடையில் நடுவில் உட்கார்ந்தார், பக்கத்தில் ஆல்பர்ட்டின் மார்பளவுச் சிலை. கேமராவையும் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை, சிலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையும் பெண்ணும் யாரோ தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள் போல நிற்கிறார்கள். நம் ஊரில் காலமான தாத்தாவின் படத்துக்கு மாலை போட்டு, மணமக்கள் பக்கத்தில் நாற்காலியில் வைப்பார்களே, அதில் விக்டோரியாவைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் பாடம் இருக்கிறது: குடும்பப் படத்தின் நடுவில் யார் உட்காருவது என்பதைப் போட்டோக்காரன் முடிவு செய்வதில்லை. மேயால் எவ்வளவு பெரிய கை! அவராலேயே முடியவில்லை.

இனி உன் நேரான மூதாதைக்கு வருவோம். கூட்டாளி கல்யாணத்துக்கு அமெச்சூராகப் படம் எடுத்த ஆத்தா. ஜூலியா மார்கரெட் கேமரன், கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், மகளும் மருமகனும் பொழுது போக்குக்கு என்று ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். அந்த அம்மாளுக்குப் பொழுதைப் போக்கத் தெரியாது போலிருக்கிறது. நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். கோழிக்கூண்டைக் காலி செய்து ஸ்டூடியோ ஆக்கினார். கோழிகளுக்கு விடுதலை, சட்டிக்குப் போகவில்லை என்று நம்புவதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். 1864 ஜனவரியில்தான் உருப்படியான முதல் படம் விழுந்தது. பிப்ரவரி 20-இல் அவருடைய நெருங்கிய நண்பர், ஓவியர் வாட்ஸுக்குக் கல்யாணம். கையில் கேமரா இருக்கிறது, கூட்டாளி மாப்பிள்ளை ஆகியிருக்கிறான். சும்மா இருப்பாரா?

மாப்பிள்ளைக்கு 46. பெண் எலன் டெரிக்கு 16. நாடக நடிகை, பின்னாளில் இங்கிலாந்து மேடையின் ராணியாகப் போகிறவர். புதுமணத் தம்பதி கேமரன் இருந்த ஃப்ரெஷ்வாட்டர் கிராமத்துக்கு வந்தபோது அந்த அம்மாள் பெண்ணைச் சுவரோரம் சாய வைத்துப் படம் எடுத்தார். பெண் கழுத்து மாலையை விரலால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வேறெங்கோ இருக்கிறாள். அதற்குக் கேமரன் வைத்த தலைப்பு: 'சோகம்'. கல்யாணப் படத்துக்கு! உலு திராமில் யாராவது ஆல்பத்தின் முதல் பக்கத்தில் 'சோகம்' என்று அச்சடித்துக் கொடுத்தால், பெண்ணின் அம்மா அரிவாளை எங்கே வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கல்யாணம் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. மண்டபத்தில் இருந்த எல்லோரும் பார்க்க மறுத்ததை அனுபவமே இல்லாத ஒரு கிழவி பார்த்துவிட்டாள். படம் தெளிவாக இல்லை, ஃபோகஸ் சரியில்லை என்று அவரைத் தொழில்காரர்கள் கிண்டல் செய்துகொண்டே இருந்தார்கள். இன்று அந்தத் தொழில்காரர்கள் பெயர் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கேமரன் அம்மாள் 1875-இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, காப்பித் தோட்டம் நோயில் அழிந்துகொண்டிருந்த காலத்தில் களுத்துறைப் பக்கத்து உழைப்பாளிகளைப் படம் பிடித்து, 1879-இல் அங்கேயே கண்ணை மூடினார். போகவந்தலாவையில் அடக்கம். மலையகத் தமிழர் தோட்டங்களுக்கு நடுவே. தோட்டத்து மண்ணுக்கும் போட்டோவுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்துத் தகடுகளுக்கு நீலம்தான் கண்ணுக்குத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் தெரியாது, கறுப்பாக விழும். யோசித்துப் பார். சிவப்புக் கூரைப் புடவை கறுப்பு. குங்குமம் கறுப்பு. மஞ்சள் தடவிய தாலிக்கயிறு கருகருவென்று. மங்கலமானது எதையெல்லாம் நாம் சேர்த்து வைத்தோமோ, அதையெல்லாம் கேமரா தேடிப் பிடித்துத் துக்க வீடாக்கியது. எல்லா நிறத்தையும் பார்க்கிற பிலிம் பரவலாக வருவதற்கு இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில பத்தாண்டுகள் ஆயின. வெளிச்சம் போதாததற்கு 1887-இல் ஜெர்மானியர்கள் மக்னீசியப் பொடியைக் கொளுத்தும் வழி கண்டுபிடித்தார்கள். 'டப்' என்ற சத்தம், வெள்ளைப் புகை, சில சமயம் போட்டோக்காரரின் புருவமும். தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் இதைக் கொண்டுவரச் சம்மதித்த மாமனார்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மரியாதை வருகிறது.

1888-இல் ஈஸ்ட்மன் கோடாக்கை விற்றார்: நூறு படம் எடுக்கலாம், பிறகு பெட்டியோடு கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். 1900-இல் பிரவுனி வந்தது, விலை ஒரு டாலர். அன்றிலிருந்து ஒவ்வொரு குடும்பத்திலும் 'கேமரா வச்சிருக்கிற மச்சான்' என்று ஒருவர் பிறந்தார். உன் பதவிக்கு வயது அவ்வளவுதான்.

உலு திராம் பக்கத்துக்கு அந்த மச்சான் வந்து சேர ரொம்ப நாளாயிற்று. இந்த ஊரைச் சுற்றி முதலில் பால்மரம், பிறகு செம்பனை, இப்போது தாமானுக்குத் தாமான் முட்டி நிற்கிறது. தோட்டத்துக் கல்யாணம் என்றால் மாரியம்மன் கோயில் முன் பந்தல், லயத்து வாசலில் கோலம், போட்டோவுக்கு டவுனில் சீனர் ஸ்டூடியோ. அவருக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்குச் சீனம் தெரியாது, நடுவில் பாசார் மலாய்: 'ஜாங்கான் கெராக்', அசையாதே. மாப்பிள்ளை மூச்சையும் நிறுத்திவிடுவார். பின்னால் திரைச்சீலையில் பளிங்குத் தூண், வளைந்த படிக்கட்டு, அன்னம் நீந்தும் குளம். லயத்தில் இரண்டு அறைக்குள் ஏழு பேர், படத்தில் அரண்மனை. மாப்பிள்ளை கையில் ஸ்டூடியோக்காரரின் கைக்கடிகாரம், காலில் ஸ்டூடியோக்காரரின் சப்பாத்து. முகம் மட்டும் சொந்தம். அதையும் பவுடர் போட்டு மறைத்துவிடுவார்கள்.

இதைக் கேலியாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. 1976-இல் போட்ட திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வரும்வரை, தோட்டத்தில் தாலி கட்டியவர்களில் பலர் அரசாங்கப் பதிவு என்று ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. ஐயர் கண்டார், கங்காணி கண்டார், ஊர் கண்டது, அவ்வளவுதான். கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் அந்தப் பொய்ப் படிக்கட்டுப் படம்தான் வீட்டில் கிடந்த ஒரே அத்தாட்சி. பொய்த் தூணுக்கு முன்னால் மெய்யான கல்யாணம்.

ஜப்பான்காரன் காலத்துக்கு முன் மலாயாவின் சின்னச் சின்னப் பட்டணங்களில் ஜப்பானியர் நடத்திய போட்டோக் கடைகளும் இருந்தன. மரியாதையான ஆட்கள், குனிந்து வணக்கம் சொல்வார்கள், விலையும் கம்மி. 1942 ஜனவரி 31-இல் வெள்ளைக்காரன் ஜொகூர் பாலத்தை உடைத்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் ஓடினான். பிறகு ஊரெல்லாம் ஒரே பேச்சு: நம்ம பெண்ணைப் படம் பிடித்தவன் பாலத்தையும் பிடித்திருக்கிறான், நம்ம முடியை வெட்டியவன் பட்டாளத்து யூனிபார்மில் வந்து நிற்கிறான். எவ்வளவு நிஜம், எவ்வளவு ஜோடனை என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் கல்யாணத்தில் குறைந்த விலைக்கு நிறையப் படம் எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவனைச் சந்தேகத்தோடு பார்ப்பது நம் பெரியவர்களுக்கு அப்போதிருந்து பழக்கம். நீ சும்மாவே எடுக்கிறாய். உன்னை என்னவென்று நினைப்பார்களோ.

கலர் பிலிம் வந்ததும் நம் துன்பம் தீர்ந்தது என்று நினைத்தோம். தீரவில்லை. கோடாக் தன் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். ஷெர்லி என்று பெயர். ஷெர்லியின் தோல் நிறம் சரியாக வந்தால் உலகமே சரியாக வந்தது என்று அர்த்தம். அவள் தோலுக்குச் சரிசெய்த பிலிமில் நம் மாப்பிள்ளைக்குப் பல் மட்டும் விழுந்தது. 1970-களில் கோடாக் பழுப்பு நிறத்தைக் கவனிக்க ஆரம்பித்ததற்கு யார் காரணம் தெரியுமா? நாம் புகார் செய்தோம் என்று இல்லை. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் விளம்பரப் படங்களில் தங்கள் சரக்கின் நிறம் சரியில்லை என்று சண்டை போட்டதாக அந்தக் கம்பெனியில் இருந்தவர்களே பின்னர் சொன்னார்கள். டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும், தேக்குக்கும் மற்ற மரத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். அந்த நாற்காலி வாங்கித் தந்த நியாயத்தில்தான் நம் முகம் கொஞ்சம் தெளிந்தது. உன் கூட்டாளியின் முகம் அழகாக விழுந்தால் ஒரு அலமாரியைக் கும்பிடு.

பிறகு வீடியோ காலம். ஹாலஜன் விளக்கு பிடித்துக்கொண்டு ஒரு தம்பி முன்னால் நடப்பான், பெண்ணின் முகத்தில் பவுடர் கரைந்து ஆறாக ஓடும். கேசட்டில் இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை, தாமரைக்குள் பெண், சினிமாப் பாட்டு. ஆல்பத்தில் மாப்பிள்ளையின் உள்ளங்கையில் பெண் கட்டைவிரல் உயரத்துக்கு நிற்பாள். இதெல்லாம் நம் ஆட்களின் கோமாளித்தனம் என்று படித்தவர்கள் சிரிப்பார்கள். 1857-இலேயே ரெய்லாண்டர் என்பவர் முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களை ஒட்டி ஒரே படம் செய்தார், அதை விக்டோரியாவே காசு கொடுத்து வாங்கினார். ராணி வாங்கினால் கலை, ராணியக்கா வாங்கினால் காமெடி.

இன்னொருவரைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இது சாப்பாட்டு விஷயம். ஆந்தனி ஆம்ஸ்ட்ராங்-ஜோன்ஸ். 1956 ஏப்ரலில் காலின் டென்னன்ட், ஆன் கோக் என்ற பெரிய இடத்து ஜோடியின் கல்யாணத்துக்குப் படம் பிடிக்கப் போனார். பெண்ணின் அப்பா லெஸ்டர் பிரபு அவரை 'டோனி ஸ்னாப்ஷாட்' என்று அழைத்து, விருந்து மேசையில் இடம் கொடுக்காமல் வேலைக்காரர்களோடு சாப்பிட அனுப்பினார். அதே கல்யாணத்தில் முன்வரிசை விருந்தாளி இரண்டாம் எலிசபெத் ராணியின் தங்கை மார்கரெட் இளவரசி. நாலு வருடத்தில், 1960 மே மாதம், அதே போட்டோக்காரர் மார்கரெட்டைக் கட்டிக்கொண்டார். இனிமேல் எந்த வீட்டு விருந்திலும் லெஸ்டர் பிரபு அவரைக் கீழே அனுப்ப முடியாது. டென்னன்ட்டின் மீது டோனிக்கு இருந்த கோபம் கடைசிவரை ஆறவில்லை என்கிறார்கள். பசியில் பிறந்த கோபம் அப்படித்தான். இன்னொன்றையும் பார்: தன் கல்யாணத்துக்கு டோனி 'நீயே எடுத்திடுடா' என்று கூட்டாளியைப் பிடிக்கவில்லை. முறையான படங்களை சீசில் பீட்டன் எடுத்தார். அனுபவஸ்தர்.

ஆகவே உனக்கு முதல் தயாரிப்பு: முதல் பந்தியில் சாப்பிட்டுவிடு. ஐயரிடம் முகூர்த்த நேரம் கேட்டு, மேளக்காரர்களோடு உட்கார்ந்து இலையை முடித்துவிடு. அவர்களுக்கு எல்லாம் தெரியும். கடைசிப் பந்திக்குக் காத்திருந்தால் ரசமும் அப்பளத் தூளும்தான்.

இரண்டாவது, ஈரம். உலு திராமின் காற்றில் தண்ணீர்தான் பாதி. ஏர்கோன் மண்டபத்திலிருந்து வாசலுக்கு வந்த கணத்தில் லென்ஸில் பனி மூடிவிடும், மாப்பிள்ளை ஊர்வலம் மேகத்துக்குள் நடக்கும். கேமராவைக் கொஞ்ச நேரம் முன்பே வெளியே கொண்டுபோய் வைத்துச் சூடாக்கிக்கொள். வீட்டில் சிலிக்கா பையோடு மூடிய டப்பாவில் வை, இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பூத்து, கல்யாணத்துக்கு முன்னாலேயே அட்சதை விழுந்த மாதிரி படம் வரும்.

மூன்றாவது, ஒளிந்து நிற்கும் கலை. இதில் உன் ஊருக்கு உலகப் பெயர் உண்டு. மலாயா அவசரகாலத்தில் ஆரம்பித்த பிரிட்டிஷ்காரர்களின் காட்டுப்போர்ப் பள்ளி உலு திராம் பக்கத்தில்தான் நடந்தது; வியட்நாமுக்குப் போகிற அமெரிக்கர்கள்கூட இங்கே வந்து மோப்ப நாய்களோடு தடம் பார்க்கப் படித்துவிட்டுப் போனார்கள். இப்போது அந்த இடம் நம் ராணுவத்தின் புலாடா பயிற்சி மையம். அங்கே சொல்லித் தருவதெல்லாம் உனக்கும் வேண்டியதுதான்: காத்திரு, மேட்டைப் பிடி, எதிரி எந்த வழியாக வருவான் என்று தெரிந்து வை. இங்கே எதிரி ஹென்போன் தூக்கிய சொந்தக்காரர். கெட்டிமேளம் என்ற சொல் காதில் விழுந்த கணத்தில் முப்பது கைகள் எழும், வீடியோக்காரர் குறுக்கே பாய்வார், அட்சதை வீசுகிறவர்கள் வளையம் கட்டுவார்கள், உனக்குத் தெரியப்போவது ஐயரின் முதுகு. மூன்று முடிச்சில் முதல் முடிச்சுதான் மாப்பிள்ளைக்கு. பின்னால் நின்று மற்ற முடிச்சுகளைப் போடப்போகும் நாத்தனார் யார் என்று முந்தைய நாளே கேட்டு வை. அவருக்கு இடது பக்கம் இடம் பிடி. அங்கே யாரும் உன்னைத் தள்ள மாட்டார்கள், நாத்தனாருக்கு எல்லோரும் பயப்படுவார்கள்.

இப்போது அந்தக் கடைசிக் கவலை. டால்பட்டிலிருந்து டோனி வரைக்கும் எல்லோரும் தகடு, மருந்து, பொடி, லென்ஸ் என்றே தயாரானார்கள். கவிழ்த்தது எப்போதும் சொந்தக்காரர்கள்தான்: சிலையைப் பார்க்கிற மாமியார், வேலைக்காரர் மேசைக்கு அனுப்புகிற மாமனார். உனக்கு உன் கூட்டாளியைத் தெரியும், அவன் குடும்பத்தைத் தெரியாது. பெரியப்பாவும் சித்தப்பாவும் கோயில் கும்பாபிஷேகக் கணக்கிலிருந்து பேசுவதில்லை என்பது தெரியாமல் இருவரையும் தோளோடு தோள் நிற்கச் சொல்லுவாய். குலாயிலிருந்து வந்த அத்தைக்கும் மாசாயிலிருந்து வந்த அத்தைக்கும் யார் மூத்தவர் என்று தெரியாமல் இளையவரை முதலில் கூப்பிடுவாய். சிங்கப்பூர் மாமா காஸ்வே ஜாமில் மாட்டிக்கொண்டு முகூர்த்தம் முடிந்து வந்து, நான் இல்லாத படம் என்ன படம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். ஒய்.பி. ஒருவர் பொன்னாடையோடு வந்து நடுவில் நிற்பார், மணமக்கள் ஓரத்தில் ஒதுங்குவார்கள், அதையும் நீ எடுத்துத்தான் ஆக வேண்டும். இதற்கு எந்த லென்ஸும் விற்கவில்லை.

ஆகவே இரண்டாவது பேட்டரி வாங்குவதற்கு முன் ஓர் அத்தையைப் பிடி. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார்: யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை, யார் எந்த மொய் எழுதினார், யார் எந்தப் புடவைக்குக் கோபித்தார் என்று விரல் நுனியில் வைத்திருப்பவர். நலுங்கு வைக்கிற அன்றைக்கே போய் அவர் பக்கத்தில் உட்கார், கோப்பி வாங்கிக் கொடு, கேட்டுக்கொண்டே இரு. கல்யாணத்தன்று மேடை ஏறுகிறவர்களை அவர் கூப்பிடட்டும், நீ பட்டனை மட்டும் அமுக்கு. அவரைத் தனியாக ஒரு படம் எடு, நேராக, வெளிச்சத்தில், கழுத்துச் சங்கிலி தெரியும்படி. அன்று ராத்திரியே அவருடைய ஹென்போனுக்கு அனுப்பிவிடு. மற்றவர்களுடைய படத்துக்கு நீ ஒரு மாதம் எடுத்துக்கொண்டாலும், பதில் சொல்ல வேண்டியதை அவர் பார்த்துக்கொள்வார்.